கடலில் இருந்த தூசி

தூசி என்றால் எனக்கு ஆகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே துணியோடு ஓடுகிற ஆள் நான். "நீ தொடச்சித் தொடச்சி நாற்காலியே மெலிஞ்சு போச்சு" என்று என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் கேலி செய்வார். அப்படிக் கேலி செய்தவர்தான் ஒரு லீவில் ஃபிலிம் ஸ்கேனர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அவர் வேலை பார்த்த ஊரில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது கிடைத்ததாம். நெகட்டிவையும் ஸ்லைடையும் உள்ளே செருகினால் படம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். திங்கள்சந்தைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் நான் அப்போது கல்யாண ஆல்பம் தயாரிப்பதும் பத்திரிகை அடிப்பதுமாக இருந்தேன். ஸ்கேனர் வந்த பிறகுதான் தூசிக்கும் எனக்கும் உள்ள பகை தொழிலாகவே மாறியது.

சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். முட்டத்துக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு கடற்கரை ஊரின் பங்குத்தந்தை ஒரு நாள் துணிப்பை ஒன்றோடு வந்தார். பைக்குள் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டி நிறைய ஸ்லைடுகள். பல வருடங்களுக்கு முன்பு அந்த ஊர் மருந்தகத்தில் நர்சாக இருந்த வெளிநாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவர் எடுத்து வைத்துவிட்டுப் போன படங்கள். ஊரில் பல வீடுகளில் கல்யாண ஆல்பம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம், செத்தவர் படம் என்று எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. பங்குத்தந்தை தங்கும் பங்குவீடு மேட்டில் இருந்ததால் அங்கே அலமாரிக்கு மேல் கிடந்த இந்தப் பெட்டிகள் தப்பிவிட்டன. ஈஸ்டர் முடிந்து வரும் திருவிழாவில் இவற்றைப் பெரிதாகப் போட்டு ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

"கொஞ்சம் தூசியாட்டு இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார்.

"தூசிய எங்கிட்ட விட்டுருங்க ஃபாதர். ஒரு பொட்டு இருக்காது" என்றேன். வாய்க் கொழுப்பு.

ஸ்லைடு என்பது அட்டைச் சட்டத்துக்குள் வைத்த ஒரு துண்டு ஃபிலிம். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கடல் நீலமாகவும் சேலை சிவப்பாகவும் உள்ளபடியே தெரியும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் இழை ஒட்டியிருந்தால்கூட ஸ்கேன் செய்யும்போது கயிறு மாதிரி படத்துக்குக் குறுக்கே விழுந்துவிடும். அதனால் நான் காலையில் முதல் வேலையாகத் தரையை ஈரத்துணியால் துடைப்பேன். வாசலில் தண்ணீர் தெளிப்பேன். கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகுவேன். ஃபேனை நிறுத்திவிட்டு, மாசி மாத வெக்கையில் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்வேன். ஸ்லைடை ஓரத்தில் பிடித்து, காது கழுவ மருந்துக் கடையில் விற்கிற ரப்பர் பந்தை அமுக்கி இரண்டு பக்கமும் காற்றடிப்பேன். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். பிறகு படம் வரைகிற மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் ஒரு தள்ளு. அதற்கும் அசையாததைப் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். அதற்கும் அசையாவிட்டால் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் மவுசால் ஒவ்வொரு புள்ளியாக அழிப்பேன். என் பிடிவாதத்துக்கு அந்தக் கடைசி வேலைதான் ரொம்பப் பிடித்தது.

முதல் பெட்டியை மூன்று நாளில் முடித்தேன். அதில் ஒரு படம் கடற்கரை. பத்துப் பதினைந்து பெண்கள் கரையில் முதுகு காட்டி நிற்கிறார்கள், காலடியில் மீன் சுமக்கும் கடவப்பெட்டிகள். ஒரு ஓரத்தில் வளைந்து போகிற கரையும் பாறையும் கோயில் கோபுரமும், எதிரே வெறும் கடல். கடலும் வானமும் சேருகிற இடத்தை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள் பதினொன்று. காற்றடித்தேன், ஒன்றும் போகவில்லை. பிரஷ் போட்டேன், அசையவில்லை. ஸ்பிரிட் தொட்டு நன்றாகவே துடைத்தேன், இடது ஓரத்தில் மூன்று போயின, மிச்சம் மசியவில்லை. பூஞ்சைதான், ஃபிலிமுக்குள் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி ஒன்று விடாமல் அழித்தேன். கடல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரே பூரிப்பு. பத்து நாளாக அதையே கம்ப்யூட்டரின் முகப்பில் வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த பெட்டியைப் பங்குத்தந்தை வந்து வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவும் அதே ஊர்தான். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். பத்து மணிக்கு அலுமினியச் சட்டியோடு வருவார். அன்று நான் சாளை வாங்கச் சட்டி எடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே கம்ப்யூட்டரில் இருந்த கடற்கரைப் படத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளே, இது எங்க கடலுல்லா?"

"ஆமாக்கா. உங்க ஃபாதர் தந்த படந்தான்."

"ஆமா, இன்னா நிக்கில்லா எங்க பாறை. கோயில் கோபுரம் பாதிதான் ஏறியிருக்கு. அப்பம் எனக்கு எட்டு வயசு." சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இது ஞாயித்துக்கெழமையா எடுத்தது?"

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"கடலுல மரம் ஒண்ணுங் காணலியே. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் மரம் எறங்காது. ஞாயித்துக்கெழமன்னா இந்தப் பெண்ணுவ எதுக்குக் கடவத்த வச்சிக்கிட்டு நிக்காவ? யாரப் பாத்து நிக்காவ?"

மரம் என்று அவர் சொன்னது கட்டுமரத்தை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. என் வேலையில் குற்றம் சொல்கிறாரே என்று கோபம்தான் முதலில் வந்தது.

"அங்க மரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கறுப்புக் கறுப்பா புள்ளிதான் இருந்துது, பூஞ்சை. நாந்தான் எல்லாத்தையும் எடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"கரைக்கு வாற மரத்தையா பிள்ளே எடுத்தே?"

நான் பிறந்தது வயல்காட்டு ஊரில். கடல் எனக்குப் பத்துக் கிலோமீட்டர்தான், ஆனாலும் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போகும்போது கால் நனைப்பதோடு சரி. தூரத்தில் தெரிகிற புள்ளி ஒரு பாய், பாய்க்குக் கீழே இரண்டு ஆள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடற்கரையில் பிறந்த சின்னக் குழந்தைகூட அதைத் தூசி என்று சொல்லாது.

அக்கா சட்டியை இறக்கிவைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து சொன்னார். கோபுரம் கட்டி முடித்த வருடம், இவருக்கு ஒன்பது வயதில், அவருடைய அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் கல்லறையும் இல்லை. கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தும்போது இவருடைய அம்மா மட்டும் கடல் மணலில் குழி தோண்டித் திரியை நட்டுக் கொளுத்துவாராம். அப்பாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை. சுனாமியில் போவதற்குக்கூட அந்த வீட்டில் ஒரு படம் கிடையாது.

"அப்பனுக்க மரத்துப் பாயி கிழிஞ்சப்பம், அம்மைக்க கல்யாணச் சேலையில ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போட்டிருந்தாவ. நல்ல செவப்பு. எத்தன மரம் வந்தாலும் அந்த ஒட்ட வச்சி நான் சொல்லீருவேன், அப்பன் வாறாருன்னு." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீ எடுத்ததுல செவப்பு உண்டுமா பிள்ளே?"

எனக்குத் தெரியவில்லை. நான் நிறத்தைப் பார்த்தேனா, அழிப்பதில்தானே குறியாக இருந்தேன். அழித்த படத்தை அதே பெயரில் மேலேயே சேமித்திருந்தேன், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று. பழைய ஸ்கேன் இல்லை. இனி ஸ்லைடுதான் கதி. அதுவும் ஒரு வாரம் முன்பே ஊருக்குப் போய்விட்டது. பங்குத்தந்தைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

"வாங்கக்கா, போவோம்" என்றேன்.

அவர் மீன் சட்டியைத் தூக்கி என் முன்னறையில், துடைத்து வைத்த தரையில், ஈரச் சாக்கால் மூடி வைத்துவிட்டு வந்தார். நான் துணியைத் தேடாமல் கதவைப் பூட்டினேன். என் வீட்டுக்காரரிடம் பிறகு சொன்னபோது அவர் வேறு எதையும் நம்பினாலும் இதை மட்டும் நம்பவில்லை.

ஆட்டோ பிடித்துப் போனோம். பங்குத்தந்தை நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது என்று கோயில் காரியங்களைப் பார்க்கிற கோயில்பிள்ளைதான் இருந்தார். முற்றத்தில் காய்ந்த குருத்தோலைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாம்பல் புதன். போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைகளை ஜனங்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை எரித்த சாம்பலைத்தான் மறுநாள் சாமியார், அதாவது பங்குத்தந்தை, எல்லார் நெற்றியிலும் பூசுவார்.

"மஞ்சள் பெட்டியா? அது கம்ப்யூட்டருல ஏத்தியாச்சி, இனி வேண்டாம்னு சாமியார் சொன்னாருல்லா" என்றார் கோயில்பிள்ளை.

"பெட்டி எங்க அண்ணாச்சி?"

"பெட்டியில ஆணி போட்டு வச்சிருக்கேன். உள்ள இருந்ததுல மாதா படம் உண்டு, சுரூபம் உண்டு, நற்கருணை பவனி உண்டு. அத குப்பையில எறியலாமா? பாவமில்லியா? ஓலையோட சேத்து எரிக்கலாம்னு சாக்குல கெட்டி வச்சிருக்கேன்."

அவரைக் குறை சொல்லவே முடியாது. மந்திரித்த பொருளை எறியக்கூடாது, எரிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பக்தியாகத்தான் செய்திருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் மறுநாள் ஊர் முழுக்க என் ஸ்லைடின் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு போயிருக்கும். அக்கா சாக்கை அவிழ்த்து முற்றத்திலேயே கவிழ்த்தார். ஓலைச் சருகும் ஸ்லைடுமாகக் கொட்டியது. நான் பளபளவென்று துடைத்துக் கொடுத்த ஸ்லைடுகள்மேல் ஒரு வருடத்து ஓலைத் தூசி. அன்றைக்கு நான் கும்பிட்ட கும்பிடு எந்தச் சாமிக்கு என்று எனக்கே தெரியாது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக் கடற்கரைப் படத்தைக் கண்டுபிடித்தோம்; மிச்ச ஸ்லைடுகளையும் அள்ளிக்கொண்டோம்.

திரும்பி வந்து வேலையைத் தொடங்கினேன். தரையைத் துடைத்தேன், ஃபேனை நிறுத்தினேன். அக்காவைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, மூச்சை மெதுவாக விடுங்கள் என்றேன். அவர் மூச்சையே விடாமல் உட்கார்ந்திருந்தார். ரப்பர் பந்தைக் கொஞ்சம் வேகமாக அமுக்கிவிட்டேன்.

"பைய பிள்ளே, காத்துல மரம் கவுந்துரும்" என்றார். அந்த நேரத்திலும் அவருக்குக் கேலி.

முதல் தடவை வேகமாக முடிய வேண்டும் என்று குறைந்த அளவில் ஸ்கேன் செய்திருந்தேன். இந்தத் தடவை இருப்பதிலேயே அதிக அளவில் வைத்தேன். ஐந்து நிமிடம் பிடித்தது. படம் திரையில் வந்ததும் கடலின் ஓரத்தைப் பெரிதாக்கினேன். இடது மூலையில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. அது என் ஸ்பிரிட் செய்த வேலை. அங்கே இருந்த மூன்று புள்ளிகள் போயே போய்விட்டன. அவை யார் யாருடைய மரமோ. மிச்சம் எட்டுப் புள்ளிகள். பெரிதாக்கப் பெரிதாக்க எட்டும் முக்கோணமாக விரிந்தன. எட்டுப் பாய்கள். வலது பக்கத்திலிருந்து மூன்றாவது பாயின் அடியில் கடுகளவு சிவப்பு.

"இதுதான்" என்றார் அக்கா. அழவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். இந்த விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது. "அக்கா, இது ஃபிலிமுல விழுந்த கறையாட்டும் இருக்கலாம்" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதே கடற்கரை, அதே பெண்கள், இன்னொரு ஸ்லைடும் உண்டு. ஒன்றைப் போலவே இருக்கிறது, எதற்கு இரண்டு தடவை மெனக்கெடுவது என்று ஸ்கேன் செய்யாமலே விட்டிருந்தேன். சாக்கிலிருந்து எடுத்து வந்ததில் அதைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்து ஏற்றினேன்.

கறை என்றால் இரண்டாவது ஸ்லைடில் இருக்காது. இருந்தது. பெண்களில் நாலைந்து பேர் முழங்கால் தண்ணீருக்கு இறங்கியிருந்தார்கள். நான் தேய்த்து அழித்த மூன்றும் சேர்த்துப் பதினொரு பாய்களும் முன்னைவிடப் பெரிதாக இருந்தன. சிவப்பு ஒட்டு இப்போது என் கண்ணுக்கே தெரிந்தது. பாய்க்குக் கீழே நின்றுகொண்டு ஒரு ஆள், உட்கார்ந்துகொண்டு ஒரு ஆள். நிற்கிற ஆளுக்கு முகம் இல்லை, ஒரு கோடுதான்.

"வாறாரு பாத்தியா" என்றார் அக்கா.

எனக்குத்தான் அழுகை வந்தது. தூசி என்று நான் எதை அழித்தேன் என்பது முழுதாக உறைத்தது அப்போதுதான்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அக்கா தினமும் மீன் விற்று முடித்ததும் கை கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை, அவரே வந்தார். முதல் பெட்டியையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்தேன். ஒரு புள்ளியில் மவுசை வைப்பேன், அவர் சொல்வார். "அது காக்கா. அது பாறை, தண்ணி வத்துனா தெரியும். அது மரந்தான், தொடாத. ஆங், இது தூசி, எடு எடு." சில நேரம் எனக்குப் பொறுக்காது. இது தூசிதான் என்று சண்டை போடுவேன். அவர் எழுந்து தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வந்து, "செரி, நீ சொல்லது செரிதான்" என்பார். நான் படித்த எந்தக் கம்ப்யூட்டர் வகுப்பிலும் எனக்கு இந்தப் பொறுமை வந்ததில்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டில், பேச ஆளில்லாமல் நான் எரிந்து விழுந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த ஒரு மாதம் என் முன்னறையில் மீன் வாசமும் பேச்சுமாக இருந்தது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். தூசியைக் கண்டதும் பாய்கிற கை இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் தயங்குகிறது என்றால் அது அவர் போட்ட பிச்சை.

ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவதைக் கவனித்திருந்தேன். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பெட்டியின் கடைசி ஸ்லைடு, மருந்தகத்தில் தராசில் தொங்கும் ஒரு குழந்தை. அதையும் முடித்து ஃபேனைப் போட்டேன்.

"அவ்வளவுதானா பிள்ளே?"

"அவ்வளவுதான்க்கா."

"அந்தக் கடக்கரப் படத்துக்கு மூணாவது ஒண்ணு உண்டுமா? மரம் கரையணஞ்ச பெறவு எடுத்தது?"

இத்தனை நாளும் அவர் எதற்குக் காத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. கரையேறி நின்றால் அப்பாவுக்கு முகம் இருக்கும். எடுத்து வைத்த எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே மறுபடி ஒரு தடவை புரட்டினேன், இல்லை என்று தெரிந்தே.

"இல்லக்கா. ரெண்டுதான் எடுத்திருக்காவ."

அவர் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"காரியமில்ல பிள்ளே. அன்னைக்கு அப்பன் வந்து சேந்துட்டாரு. அதுக்குப் பெறவும் ஒரு வருசம் எனக்கு அப்பன் உண்டும்."